ஈஸ்டர் வந்தால் கரிஃப்டா

2022 ஜூலையில் அமெரிக்காவின் யூஜீன் நகரில் உலகத் தடகளப் போட்டி நடந்தது. ஆண்கள் ஈட்டி எறிதலில் நீரஜ் சோப்ரா 88.13 மீட்டர் எறிந்து வெள்ளி வாங்கினார். எனக்கு ராத்திரி பதினொரு மணி வாக்கில் இருக்கும், புதுக்கோட்டையில் ஞாயிற்றுக்கிழமை காலை. அக்கா போன் செய்தாள். "தொண்ணூறு மீட்டர் எறிஞ்சு தங்கத்தைத் தட்டிட்டுப் போனானே பீட்டர்ஸ்னு ஒருத்தன், உங்க ஊர்க்காரனாமே? யாருடி அவன்?"

ஆமாம், ஆண்டர்சன் பீட்டர்ஸ் நான் வேலை பார்க்கும் கிரெனடா என்கிற கரிபியன் தீவு நாட்டுக்காரர்தான். அன்று எறிந்தது 90.54. இந்த நாட்டின் மொத்த மக்கள்தொகையே ஒன்றேகால் லட்சத்தைத் தாண்டாது. புதுக்கோட்டை நகரமும் ஏறக்குறைய அவ்வளவுதான். அக்கா மறுபடி கேட்டாள்: "அவ்வளவு சின்ன ஊர்லேருந்து எப்படிடி?"

அதற்கு என்னிடம் இருக்கும் ஒரே பதில் கரிஃப்டா. போனில் இரண்டு வார்த்தையில் சொல்லிவிட்டேன், இங்கே விரிவாக எழுதுகிறேன். நம் ஆட்கள் ஒலிம்பிக்கைப் பார்க்கிறார்கள், உசேன் போல்ட்டைத் தெரியும் என்கிறார்கள். அவர்களெல்லாம் புறப்பட்டு வருகிற வாசலைப் பற்றித் தமிழில் யாரும் எழுதி நான் பார்க்கவில்லை.

கரிபியன் தீவுகளின் இளையோர் தடகளப் போட்டிக்குத்தான் கரிஃப்டா என்று பெயர். அந்தப் பெயர் விளையாட்டிலிருந்து வந்ததே அல்ல. பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்து விடுபட்டுக்கொண்டிருந்த தீவுகள் தங்களுக்குள் சுங்கவரி இல்லாமல் வாணிபம் செய்ய 1960களில் ஏற்படுத்திக்கொண்ட அமைப்பு அது. 1973இல் கரிகாம் என்கிற பெரிய கூட்டமைப்பு வந்து அதன் இடத்தைப் பிடித்தது. அந்த மாற்றம் நடக்கவிருந்த நேரத்தில், பார்படோஸ் தடகளச் சங்கத்தின் தலைவராக இருந்த ஆஸ்டின் சீலி, பிள்ளைகளுக்காக ஒரு போட்டி நடத்தலாம் என்று முன்வந்தார். 1972இல் பார்படோஸ் தலைநகர் பிரிட்ஜ்டவுனில் முதல் போட்டி நடந்தது. வாணிப அமைப்பு மறைந்து அரை நூற்றாண்டு ஆகிவிட்டது, பிள்ளைகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் ஈஸ்டரை ஒட்டி மூன்று நாள், ஆண்டுக்கு ஒரு தீவு. கொரோனாவால் 2020, 2021 இரண்டு ஆண்டுகள் மட்டும் நின்றுபோனது. 17 வயதுக்குட்பட்டோர், 20 வயதுக்குட்பட்டோர் என்று இரண்டு பிரிவு. போட்டியின் தலைசிறந்த வீரருக்குக் கொடுக்கும் விருது சீலியின் பெயரில்தான் இருக்கிறது.

இங்கிலீஷ் பேசும் தீவுகள் மட்டும் வருவதில்லை. மார்டினிக், குவாதலூப்பிலிருந்து பிரெஞ்சு பேசும் பிள்ளைகள் வருகிறார்கள். குராசோ, சுரினாமிலிருந்து டச்சு படித்த பிள்ளைகள். தென் அமெரிக்காவில் இருந்தாலும் கயானா உண்டு, அட்லாண்டிக்கில் தனியாகக் கிடக்கும் பெர்முடாவும் உண்டு.

சரி, பதக்கப் பட்டியலைப் பார்த்தால் ஜமைக்கா, ஜமைக்கா, ஜமைக்கா. பல பத்தாண்டுகளாக அவர்கள்தான் முதலிடம். அவர்களுக்கு 1910லிருந்தே பள்ளிகளுக்கிடையே 'சேம்ப்ஸ்' என்கிற போட்டி நடக்கிறது. கிங்ஸ்டன் மைதானம் நிரம்பி வழியும். அதில் ஓடிச் சலித்த பிள்ளைகள் அப்படியே கரிஃப்டாவுக்கு வந்து இறங்குகிறார்கள். "இதில் என்ன போட்டி இருக்கிறது, பேசாமல் கோப்பையை அவர்களிடமே கொடுத்துவிடலாமே" என்று என் கூட வேலை பார்ப்பவர்களே சொல்வார்கள். எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடில்லை.

ஏனென்றால் கரிஃப்டாவில் ஒரு விதி இருக்கிறது. ஒரு போட்டிக்கு ஒரு நாட்டிலிருந்து இரண்டு பேர்தான் இறங்கலாம். நினைத்தால் 100 மீட்டர் இறுதிப் போட்டியின் எட்டுத் தடத்தையும் ஜமைக்கா நிரப்பிவிடும், அவ்வளவு பேர் இருக்கிறார்கள். ஆனால் இரண்டு தடம்தான் அவர்களுக்கு. மிச்சம் ஆறும் ஆங்கில்லாவுக்கும் டொமினிக்காவுக்கும் செயின்ட் கிட்ஸுக்கும் திறந்திருக்கின்றன. உலகத்தின் மிக வேகமான பதினாறு வயதுப் பையனுக்குப் பக்கத்துத் தடத்தில், ஒரே ஒரு மைதானம் உள்ள தீவிலிருந்து வந்த பையன் கால் ஊன்றி நிற்கிறான். அவன் நான்காவதாக வரட்டும், ஆறாவதாக வரட்டும். தான் எங்கே நிற்கிறோம், இன்னும் எவ்வளவு தூரம் போகவேண்டும் என்பது அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. அடுத்த ஈஸ்டருக்கு அவன் மறுபடி வருவான். வருஷம் தவறாமல் இது நடக்கிறது, அதுதான் பெரிய விஷயம். நாலு வருஷத்துக்கு ஒருமுறை என்றால் ஒரு பிள்ளையின் பள்ளிப்பருவமே முடிந்துவிடும்.

போல்ட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 2001இல் பிரிட்ஜ்டவுனில் அவருக்கு 200 மீட்டரிலும் 400 மீட்டரிலும் வெள்ளிதான். 2004இல் பெர்முடாவில் 200 மீட்டரை 19.93 விநாடியில் ஓடினார். இளையோரில் 20 விநாடிக்குக் கீழே யாரும் அதற்குமுன் ஓடியதில்லை. 2021 வரை அந்தச் சாதனை நின்றது. ஜமைக்காவின் ஷெல்லி-ஆன் ஃப்ரேசர் 2005இல் டொபாகோவில் 100 மீட்டரில் வாங்கியது வெண்கலம். மூன்றே வருஷத்தில் பெய்ஜிங்கில் ஒலிம்பிக் தங்கம். கரிஃப்டாவில் தோற்றவர்களின் பட்டியலை யாராவது போட்டால் அதுவே பெரிய கௌரவப் பட்டியலாக இருக்கும்.

ஓட்டத்தைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். நான் பள்ளியில் குண்டு எறிந்தவள், மாவட்ட அளவில் போனவள். என் கண் எப்போதும் எறிகிறவர்கள் மேல்தான் போகும். கரிஃப்டாவைப் பற்றி எனக்கு அதிகம் பேசப் பிடித்ததும் ஈட்டிதான்.

டிரினிடாட்டின் வடகிழக்கு மூலையில் டோக்கோ என்று ஒரு கடலோர ஊர். அங்கே பிறந்தவர் கெஷோர்ன் வால்காட். 2010, 2011, 2012 மூன்று கரிஃப்டாவிலும் ஈட்டியில் தங்கம். 2012 ஏப்ரலில் பெர்முடாவில் பிள்ளைகளோடு எறிந்தார், ஜூலையில் பார்சிலோனாவில் உலக இளையோர் தங்கம், ஆகஸ்டில் லண்டனில் ஒலிம்பிக் தங்கம். 84.58 மீட்டர், வயது 19. ஐரோப்பியர்கள் பரம்பரைச் சொத்துபோல வைத்திருந்த போட்டி அது. ஈஸ்டருக்குப் பள்ளிப் பிள்ளைகளோடு எறிந்த பையன் நாலு மாதத்தில் அவர்கள் எல்லோரையும் தாண்டிவிட்டான். டோக்கோ கலங்கரை விளக்கத்துக்கு இப்போது அவர் பெயர்.

அதன்பிறகு தீவுகளில் ஈட்டிக்கு வந்த மரியாதையே வேறு. ஆண்டர்சன் பீட்டர்ஸ் சின்ன வயதில் கல்லெறிந்து மாங்காய் அடித்து வளர்ந்தவர். போல்ட்டைப் பார்த்து ஓட்டக்காரனாக ஆசைப்பட்டு, காயம் வந்து, ஈட்டிப் பக்கம் திரும்பினார். 2016 கரிஃப்டா இங்கே செயின்ட் ஜார்ஜஸில்தான் நடந்தது. சொந்த ஊர்க் கூட்டத்தின் முன்னால் 20 வயதுக்குட்பட்டோர் ஈட்டியில் தங்கம் வாங்கினார். அதே ஜூலையில் போலந்தில் உலக இளையோர் போட்டி. நம் நீரஜ் 86.48 எறிந்து உலக சாதனையோடு தங்கம் வாங்கிய அதே போட்டி. இந்தியா முழுக்க நீரஜைக் கொண்டாடியபோது, 79.65 எறிந்து வெண்கலத்தோடு அந்த மேடையில் நின்ற பையன் பீட்டர்ஸ். ஆறு வருஷம் கழித்து யூஜீனில் வரிசை மாறியது. அக்காவுக்கு இதைச் சொன்னபோது "அட, இவங்க சின்னப் பசங்களா இருக்கும்போதே பழக்கமா!" என்று சந்தோஷப்பட்டாள். 2025 செப்டம்பரில் டோக்கியோ உலகப் போட்டியில் தங்கம் வால்காட்டுக்கு, 88.16. வெள்ளி பீட்டர்ஸுக்கு, 87.38. முதல் இரண்டு இடமும் கரிஃப்டா பிள்ளைகள். நம்முடைய சச்சின் யாதவ் நான்காவது, நீரஜ் எட்டாவது. மனசு இரண்டு பக்கமும் அடித்துக்கொண்டது, உண்மை.

2024இல் போட்டி மறுபடி இங்கே வந்தது. ஈஸ்டர் சனிக்கிழமை என் மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். எங்கள் வீடு கிராண்ட் ஆன்ஸ் பக்கம். டவுன் வரைக்கும் ஒன்றாம் நம்பர் வேன். நிறுத்த வேண்டுமென்றால் பக்கத் தகட்டில் இரண்டு தட்டு தட்டவேண்டும், அன்று சத்தத்தில் யார் தட்டியதும் கேட்கவில்லை. மைதானம் குயின்ஸ் பார்க்கில், கிரிக்கெட் மைதானத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பெயர் கிரானி ஜேம்ஸ் ஸ்டேடியம். குயாவ் என்கிற மீனவ ஊரிலிருந்து வந்து 2012இல் 400 மீட்டரை 43.94இல் ஓடி இந்த நாட்டுக்கு முதல் ஒலிம்பிக் பதக்கத்தையே தங்கமாகக் கொண்டுவந்தவர். அவரும் கரிஃப்டாவில் ஓடி வளர்ந்தவர்தான். தன் பெயர் எழுதிய ஸ்டேடியத்தில் தன் ஊர்ப் பிள்ளைகள் ஓடுவதை உயிரோடு, இளம் வயதிலேயே பார்க்கக் கொடுத்துவைத்த மனிதர்.

வெயில் மண்டையைப் பிளந்தது. வாசலில் எண்ணெயில் பொரித்த ரொட்டிக்குள் உப்பு மீனை வைத்து விற்றார்கள், இரண்டு வாங்கிக்கொண்டு ஈட்டி விழும் பக்கமாகப் பார்த்து உட்கார்ந்தோம். பஹாமாஸ்காரர்கள் மாட்டு மணிகளோடு வந்திருந்தார்கள், விடாமல் ஆட்டினார்கள்.

17 வயதுக்குட்பட்ட பையன்களின் ஈட்டி 700 கிராம், பெரியவர்களுடையதைவிட 100 கிராம் குறைவு. டி.வி.யில் பார்க்கும்போது கைதான் எறிவதாகத் தோன்றும். கிட்டத்தில் பார்த்தால் எறிவது இடது கால் என்பது தெரியும். ஓடிவந்த வேகத்தை அந்தக் கால் தரையில் குத்தி நிறுத்தவேண்டும். முட்டி மடங்காமல் நின்றால் வேகம் முழுக்க இடுப்பு, தோள், கை வழியாக ஈட்டிக்குப் போய்விடும். மடங்கினால் பாதி அங்கேயே செத்துவிடும். ஒரு ஒல்லிப் பையனுக்கு முதல் இரண்டு எறியிலும் முட்டி மடங்கியது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற பயிற்சியாளர் எதுவும் கத்தவில்லை. தன் இடது தொடையை மட்டும் உள்ளங்கையால் பட்டென்று அடித்துக் காட்டினார். மூன்றாவது எறியில் கால் தூண்போல நின்றது. ஈட்டி வால் ஆடாமல் போய்க் குத்தியது. பதக்கம் வரவில்லை. ஆனால் அவன் அளவுகாட்டும் பலகையைப் பார்த்துவிட்டு இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவன் எந்த நாடு என்றுகூடக் கவனிக்காமல் எங்கள் வரிசை முழுக்க எழுந்து கைதட்டியது. கிரெனடாக்காரர்கள், பார்படோஸ்காரர்கள், மஞ்சள் சட்டை ஜமைக்கா அம்மாக்கள், எல்லோரும்.

இதையெல்லாம் நடத்துவது லேசு இல்லை. தீவுக்குத் தீவு போக விமானம்தான் வழி. இந்தப் பகுதியை இணைத்துவைத்திருந்த லியாட் நிறுவனம் 2020இல் நொடித்துப்போனபிறகு அதுவும் கஷ்டமாகிவிட்டது. நீண்ட ஈட்டிகளையும் போல்வால்ட் கம்புகளையும் சின்ன விமானத்தில் எப்படி ஏற்றுவது என்பதே ஒரு தனிக் கவலை. மைதானமும் நிச்சயமில்லை. செயின்ட் லூசியாவின் வியூ ஃபோர்ட்டில் 2009 ஏப்ரலில் கரிஃப்டா நடந்தது. அதே செப்டம்பரில் அந்த ஊர் ஆஸ்பத்திரி தீப்பிடித்து எரிந்துபோக, நோயாளிகளை அந்த ஸ்டேடியத்துக்குள் கொண்டுபோனார்கள். பல ஆண்டுகள் அது ஆஸ்பத்திரியாகவே இருந்தது. அப்படிப்பட்ட நாட்டிலிருந்துதான் ஜூலியன் ஆல்ஃபிரட் 2024 பாரிஸில் 100 மீட்டரை 10.72இல் ஓடி, அவர்களுடைய முதல் ஒலிம்பிக் பதக்கத்தைத் தங்கமாக வாங்கினார். அவரும் பயிற்சிக்காகச் சிறுவயதிலேயே வீட்டைவிட்டு ஜமைக்காவுக்குப் போகவேண்டியிருந்தது.

எனக்குக் கவலை தருகிற பக்கமும் ஒன்று உண்டு. பிள்ளைகளை அதிகமாக ஓடவிடுகிறார்கள். பள்ளிப் போட்டி, தேர்வுப் போட்டி, கரிஃப்டா என்று எல்லாம் சில வாரங்களுக்குள் வருகின்றன. அதில் தகுதிச் சுற்று, இறுதிச் சுற்று, தொடரோட்டம் என்று ஒரே பையன் மூன்று நாளும் ஓடுகிறான். 19.93 ஓடிய போல்ட்டே அதே ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் தொடைக் காயத்தோடு முதல் சுற்றில் வெளியேறினார். டிரினிடாட்டின் டாரெல் பிரவுன் 2003இல் பதினெட்டு வயதில் 10.01 ஓடி, உலகப் போட்டியில் வெள்ளியும் வாங்கினார். அப்புறம் காயத்துமேல் காயம், அந்த உயரத்துக்கு மறுபடி போகமுடியவில்லை. ஒரு பிள்ளை இத்தனை போட்டிக்குமேல் இறங்கக்கூடாது என்று கண்டிப்பான வரம்பு வைக்கவேண்டும் என்பது என் கருத்து. பதக்க எண்ணிக்கை குறைந்தால் குறையட்டும்.

என் மகள் இப்போது பள்ளியில் ஈட்டி எடுத்திருக்கிறாள், 500 கிராம். அவளுக்கும் முட்டி மடங்குகிறது. சாயங்காலம் வாசலில் ஈட்டி இல்லாமல் மூன்றடி ஓடிவந்து இடது காலைக் குத்தி நிற்கச் சொல்கிறேன், சலித்துக்கொள்கிறாள், செய்கிறாள். இங்கே பள்ளிகளுக்கிடையே நடக்கும் இன்டர்கால் போட்டிதான் அவள் குறி, அதற்குமேல் நான் எதுவும் சொல்லவில்லை.

அடுத்த ஈஸ்டருக்கு நேரலை கிடைத்தால் பாருங்கள். நம் நேரத்துக்குப் பெரும்பாலும் நள்ளிரவு ஆகிவிடும். அதனால் இங்கே மாலையில் நடக்கும் ஓட்டங்களுக்காகக் கண்விழிக்க முடியாவிட்டால் பரவாயில்லை, முதல் பாதியில் களத்தின் நடுவே நடக்கும் எறிதல் போட்டிகளைப் பாருங்கள். கேமரா அந்தப் பக்கம் அதிகம் போகாது. போகும்போது அந்தப் பையன்களின் பெயரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், நீரஜுக்கு அடுத்து வரும் நம் பையன்கள் மோதப்போவது இவர்களோடுதான்.