கருவேல விறகு: அமிர்தசரஸ் நாட்குறிப்பு

ஆகஸ்ட் 8
வேலை மாத்தலாகி இங்க வந்து மூணு மாசம் ஆச்சு, இன்னைக்குத்தான் பொற்கோயில் லங்கர்ல, அதாவது எல்லாருக்கும் இலவசமா சாப்பாடு போடுற பொது சமையல்கூடத்துல, உக்காந்து பூண்டு உரிச்சேன். பக்கத்துல ஒரு பாட்டி, விரல் நுனியெல்லாம் வெடிச்சிருக்கு, பேசாம உரிச்சுக்கிட்டே இருந்தாங்க. 1922ல இதே சமயத்துலதான் அமிர்தசரஸ் பக்கத்துல இருக்க குரு கா பாக் குருத்வாரால லங்கருக்கு விறகு வெட்டினதுக்கு அஞ்சு அகாலிங்கள, குருத்வாராங்கள மகந்துங்ககிட்டேருந்து மீட்கப் போராடின சீக்கியருங்கள, போலீஸ் புடிச்சுது. வெட்டினது கீக்கர், அதாவது நம்ம கருவேலம். அதுக்கு ஆறு மாசம் ஜெயில்! அந்த குருத்வாராவ நிர்வாகம் பண்ணின மகந்த் சுந்தர் தாஸ், அத சீக்கியர்களோட குருத்வாரா கமிட்டிக்கு விட்டுக்குடுத்துட்டாரு, ஆனா நிலம் என்னுதுதான்னு சொன்னாரு, அதப் புடிச்சுக்கிட்டு வெள்ளைக்கார சர்க்கார் உள்ள வந்துருச்சு. என்னப் பொறுத்தவரை விறகு ஒரு சாக்கு. அந்த ஜனவரியிலதான் சர்க்கார் எடுத்து வச்சிருந்த பொற்கோயில் கருவூலச் சாவிய சீக்கியத் தலைவர் பாபா கரக் சிங்கிட்ட திருப்பிக் குடுக்க வேண்டி வந்துச்சு, அந்த ஆத்திரம்.

ஆகஸ்ட் 27
அப்போ இந்த வாரத்துலேருந்து கைதுக்கு பதிலா அடிதான். தினமும் ஒரு ஜத்தா, அதாவது அகாலிங்க கூட்டம், பொற்கோயில் வளாகத்துல இருக்க அகால் தக்த்ல கை ஓங்க மாட்டோம்னு சத்தியம் பண்ணிட்டு கிளம்பும், நிறைய பேரு முதல் உலகப்போர்ல இதே வெள்ளைக்காரனுக்காக சண்டை போட்டுட்டு வந்தவங்க. திருப்பி அடிக்கத் தெரியாதவங்க இல்ல, அதான் படிக்கப் படிக்க மனசு கேக்க மாட்டேங்குது.

செப்டம்பர் 12
1922ல இதே நாள் காந்தியோட நண்பரான இங்கிலீஷ் பாதிரியார் சி.எஃப். ஆண்ட்ரூஸ் குரு கா பாக்குக்கு போனாரு. அவர் எழுதி வச்சத இன்னைக்கு ரெண்டு தடவ படிச்சேன். அகாலிங்க தலையில கறுப்புத் தலைப்பாகை, அதுல சின்ன வெள்ளைப் பூமாலை சுத்தியிருக்கு, கை கூப்பி நிக்கிறாங்க, ஒரு இங்கிலீஷ் ஆபீசர் பித்தளைப் பூண் போட்ட லத்தியால ஒருத்தர் தோள்பட்டை எலும்புலயே குத்துறான், விழுந்தவர் எழுந்து மறுபடியும் அதே எடத்துல வந்து நிக்கிறாரு. மறுநாள் பஞ்சாப் கவர்னரே வந்தாரு, அடி நின்னுச்சு. கைது மட்டும் நிக்கல, மொத்தம் 5,000 பேருக்கு மேல.

அக்டோபர் 30
இன்னைக்கு எழுதவே கை வரல. 1922ல இதே நாள், கைதான அகாலிங்கள ஏத்திக்கிட்டு அட்டாக் ஊர் ஜெயிலுக்கு போன ரயில் பஞ்சா சாகிப் குருத்வாரா இருக்க ஊர் வழியா வருதுன்னு தெரிஞ்சு அந்த ஊர்க்காரங்க சாப்பாடு செஞ்சு எடுத்துட்டு வந்தாங்க. ரயில் நிக்காதுன்னு சொல்லிட்டாங்க. தண்டவாளத்துலயே உக்காந்துட்டாங்க, பிரதாப் சிங், கரம் சிங் ரெண்டு பேரும் அதுல செத்துப்போனாங்க. கைதிங்களுக்கு ஒரு வேளை சோறு போடணும், அவங்க கேட்டது அவ்வளவுதான்.

நவம்பர் 17
1922ல இதே நாள், கடைசியில லாகூர் இன்ஜினியர் சர் கங்கா ராம் அந்த குரு கா பாக் நிலத்த குத்தகைக்கு எடுத்து, அகாலிங்க விறகு வெட்டிக்கட்டும்னு விட்டுட்டாரு. கைதும் நின்னுச்சு. ரெண்டு வருஷம் கழிச்சு, 1924ல, வைக்கம் சத்தியாகிரகத்துக்கு பஞ்சாப்லேருந்து அவ்வளவு தூரம் அகாலிங்க வந்தாங்க. பெரியார் ஜெயிலுக்குப் போன அதே வைக்கம். வந்து என்ன பண்ணாங்க? அடுப்பு மூட்டி லங்கர் போட்டாங்க.