வால் கூண்டும் ஒயில் பைப்பும்

கல்முனையில் ஹைட்ரோலிக் வேலை செய்கிறவன் நான். எக்ஸ்கவேட்டர், டிப்பர், நெல் வெட்டும் மெசின் என்று எது வந்தாலும் முதலில் பார்ப்பது ஒயில் போகும் பாதையை. இரண்டாம் உலகப் போர்க்கால பிரிட்டிஷ் லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்திலும் என் கண் போய் நிற்பது அங்கேதான்: வாலில், ஆள் உள்ளே உட்கார்ந்து சுடும், சுழலும் துப்பாக்கிக் கூண்டில்.

கடையில் நிற்கிற தம்பிக்கு அதன் படத்தைக் காட்டினேன். "கையால திருப்பினாக் காணாதா அண்ணன்? எதுக்கு இவ்வளவு பைப்?" என்றான். நல்ல கேள்வி. காணாது. மணிக்கு 300 கிலோமீற்றருக்கு மேல் பறக்கிற விமானத்தில் துப்பாக்கிக் குழலைப் பக்கவாட்டில் நீட்டினால், காற்று அதைப் பின்னால் தள்ளிக்கொண்டே இருக்கும். 1930களில் விமானங்களின் வேகம் கூடக் கூட, திறந்த இடத்தில் நின்று சுட்டவர்களால் குறி வைப்பது இருக்கட்டும், துப்பாக்கியைப் பிடித்து வைப்பதே பெரும்பாடாகிவிட்டது. அதனால்தான் எஞ்சினின் பலத்தைத் துப்பாக்கிக்குக் கொண்டுபோனார்கள்.

லங்காஸ்டரின் வால் கூண்டு எஃப்.என்.20. நாஷ் அண்ட் தொம்சன் கம்பெனி வடிவமைத்தது. .303 ரவை போடும் பிரௌனிங் துப்பாக்கிகள் நான்கு. எஞ்சின் சுழற்றும் பம்ப், ஒயிலை அழுத்திக் குழாய் வழியே விமானத்தின் வால் வரைக்கும் அனுப்பும். சுடுகிறவர் கையில் சைக்கிள் ஹாண்டில் மாதிரி ஒரு பிடி. இடம் வலம் திருப்பினால் கூண்டு சுற்றும். முன்னும் பின்னும் உருட்டினால் குழல்கள் ஏறி இறங்கும். கை திறப்பது வால்வை மட்டும்தான். கொஞ்சம் திருப்பினால் கூண்டு மெல்ல நகரும், முழுக்கத் திருப்பினால் சட்டென்று சுழலும்.

சரி, குழாய் விமான உடம்பில் அசையாமல் நிற்கிறது, கூண்டோ சுற்றுகிறது. ஒயில் எப்படி உள்ளே போகும்? ஹோஸை நேரே பூட்டினால் முறுக்கி அறுந்துவிடும். அதற்காகக் கூண்டின் நடுவில் சுழலும் இணைப்பு ஒன்று வைத்தார்கள். எக்ஸ்கவேட்டரின் அடியில் நான் கழற்றுகிற சென்டர் ஜொயின்றின் வேலையும் இதேதான். ஒரு உருளைக்குள் இன்னொரு உருளை. ஒவ்வொரு ஒயில் வழிக்கும் சுற்றிவர ஒரு வெட்டுத் தடம், தடங்களுக்கு நடுவில் சீல். ஒரு சீல் வெட்டுப்பட்டால் ஒரு வழி ஒயில் மற்ற வழிக்குள் புகுந்து, லீவரைத் தள்ளினாலும் செயின் இழுக்காது. எனக்கென்றால் கழுவி, புது சீல் போட்டு மூட ஒரு மேசை இருக்கிறது. அவர்கள் இதை நம்பி ஏறியது 20,000 அடி உயரத்துக்கு, நடுராத்திரியில், மைனஸ் 40 பாகைக் குளிருக்குள். பம்பை ஓட்டும் எஞ்சின் நின்றாலோ குழாயில் ரவை பட்டாலோ, கைப்பிடியைச் சுற்றித்தான் கூண்டைத் திருப்ப வேண்டும்.

ரவைப் பெட்டிகளை வாலில் வைக்கவில்லை, பாரம் தாங்காது. விமானத்தின் நடுப்பக்கம் வைத்து, அங்கிருந்து தண்டவாளம் போன்ற தடத்தில் ரவைப் பட்டியை ஓடவிட்டார்கள். விமானத்தின் முதுகில் இருந்த இன்னொரு கூண்டைச் சுற்றி மேடு பள்ளமாக ஒரு விளிம்பு உண்டு. சுற்றும்போது குழல்கள் அந்த விளிம்பில் ஏறி உயர்ந்துவிடும். சொந்த வாலையே சுட்டுவிடாமல் இருக்க.

வால் கூண்டில் இடம் அவ்வளவு நெருக்கம். சுடுகிறவரின் பரசூட் கூண்டுக்குள் இல்லை, பின்கதவுக்கு அப்பால், விமானத்துக்குள் மாட்டியிருக்கும். குதிக்க வேண்டுமானால் கூண்டை நேராக்கி, கதவைத் திறந்து, பரசூட்டை எடுத்து மாட்டி, மறுபடி கூண்டைப் பக்கவாட்டில் திருப்பிப் பின்பக்கமாக விழ வேண்டும். 1944 மார்ச்சில், ஒரு லங்காஸ்டரின் வால் கூண்டில் இருந்த நிக்கலஸ் அல்கமேட் கதவைத் திறந்தபோது பரசூட் எரிந்துகொண்டிருந்தது. அது இல்லாமலே குதித்தார். ஏறத்தாழ 18,000 அடி. பைன் மரங்களும் பனியும் தாங்கியதில் பிழைத்துக்கொண்டார். அப்படிப் பிழைத்தவர்கள் அபூர்வம். பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படையில் ஏறத்தாழ 1,25,000 பேர் பறந்தார்கள், 55,573 பேர் உயிரிழந்தார்கள். எவ்வளவு நல்ல ஹைட்ரோலிக் இருந்தாலும், ஜெர்மன் இரவுச் சண்டை விமானம் 20 மில்லிமீற்றர் பீரங்கியோடு வந்தால் .303 ரவைக்கு எட்டாது. பெரும்பாலான லங்காஸ்டர்களில் வயிற்றுப் பக்கம் கூண்டே இல்லை. கீழிருந்து மேல்நோக்கிச் சுடும் பீரங்கிகளைப் பொருத்திய ஜெர்மன்காரர்கள் பயன்படுத்திக்கொண்டது அதைத்தான்.

இதற்கு அடுத்த தலைமுறைக் கூண்டு நம் பக்கமே வந்திருக்கிறது. 1944 ஓகஸ்ட் 10 இரவு, திருகோணமலை சீனக்குடாவிலிருந்து அமெரிக்க பி-29 குண்டுவீச்சு விமானங்கள் சுமத்ராவின் பலெம்பாங் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்குப் பறந்தன. போய்வர ஏறத்தாழ 3,800 மைல். வாலில் மட்டும் ஒருவர் தன் துப்பாக்கிகளுக்குப் பக்கத்தில் இருப்பார். மேலும் கீழும் இருந்த கூண்டுகளுக்குள் ஆளே இல்லை. சுடுகிறவர்கள் காற்றழுத்தம் காத்த அறைக்குள் உட்கார்ந்து குறி பார்ப்பார்கள். விமானத்தின் வேகம், ரவை விழும் அளவு, குறிபார்க்கும் இடத்துக்கும் துப்பாக்கிக்கும் உள்ள தூரம் எல்லாவற்றையும் ஒரு கணிப்பொறி கணக்குப் பார்த்து, மின்மோட்டாரால் கூண்டைத் திருப்பும். ஒருவர் அடிபட்டால் அவருடைய கூண்டை இன்னொருவர் தன் கைக்கு எடுத்துக்கொள்ளலாம். லங்காஸ்டரின் வாலில் இருந்தவருக்கு அப்படிக் கைகொடுக்க யாராலும் முடியாது.