டின்னர் எங்கள் கணக்கு

மருந்துக் கம்பெனியில் ஏரியா மேனேஜருக்கு மருந்து விற்பது பாதி வேலைதான். மீதிப் பாதி டாக்டர்களுக்குக் கூட்டம் நடத்திக் கொடுப்பது. நான் கொங்குப் பக்கம் இருந்தபோது டாக்டர்கள் சங்கத்தின் ஊர்க்கிளையில் மாதம் ஒரு சிஎம்இ, அதாவது டாக்டர்களுக்கான தொடர்கல்விக் கூட்டம், நடக்கும். செயலாளர் போன் செய்வார்: "ஏனுங்க, இந்த மாசம் உங்க கம்பெனி எடுத்துக்கறீங்களா?" ஹால் வாடகை, புரொஜெக்டர், பேச்சாளருக்குக் கார், வந்தவர்களுக்கு டின்னர் எல்லாம் அந்த 'எடுத்துக்கொள்வதில்' அடக்கம். முக்கால் மணி நேரம் பேச்சு. லேட்டாக வருகிறவர்கள் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு நேராக பஃபே பக்கம் போவார்கள். டாக்டர்கள் ஐந்தாண்டுக்கு 30 மணி நேரம் தொடர்கல்வி பெற வேண்டும் என்று 2002 விதிமுறை சொல்கிறது, அதனால் கையெழுத்துக்கும் மதிப்பு உண்டு.

கம்பெனியிடமிருந்து பரிசு, பயணம், விருந்தோம்பல் எதையும் டாக்டர் வாங்கக்கூடாது என்று 2009 டிசம்பரில் மெடிக்கல் கவுன்சில் விதி போட்டது. அந்த விதி டாக்டர்களின் சங்கங்களையும் சேர்த்தே கட்டுப்படுத்தியது. 2016-இல் திருத்தம் வந்தபோது சங்கங்கள் அதிலிருந்து வெளியே வந்துவிட்டன. எங்கள் ஆபீசில் இதற்கு யாரும் விளக்கவுரை எழுத வேண்டியிருக்கவில்லை. செக்கில் எழுதும் பெயர் சங்கத்துடையதாக மாறியது, அவ்வளவுதான். மாநாடுகளில் பிளாட்டினம், கோல்டு, சில்வர் என்று ஸ்டாலுக்கு ஒரு விலைப்பட்டியலே உண்டு. டாக்டர்களுக்குத் தரும் இலவசங்களைச் செலவுக் கணக்கில் காட்டி வரி குறைக்க முடியாது என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்புறம் 2024 மார்ச்சில் மத்திய அரசு கொண்டுவந்த நடத்தை விதிகளின்படி வெளிநாட்டில் சிஎம்இ நடத்தக்கூடாது, பேச்சாளரைத் தவிர வேறு டாக்டருக்கு டிக்கெட்டோ அறையோ போடக்கூடாது, கூட்டச் செலவைக் கம்பெனி தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும். நல்ல விதிகள்தான். ஆனால் பணம் தலைப்பைத் தேர்ந்தெடுக்கும் இடத்தை இவை எதுவும் தொடவில்லை என்பது என் எண்ணம்.

2019 டிசம்பரில் சர்க்கரை நோய் மருந்தான வில்டாகிளிப்டினின் காப்புரிமை முடிந்தது. ஆளுக்கொரு பிராண்டோடு கம்பெனிகள் இறங்கின. அதையொட்டி எந்தக் கிளைக்குப் போனாலும் கிளிப்டின் வகை மருந்துகள் பற்றித்தான் பேச்சு. 2020 அக்டோபரில் இன்னொரு சர்க்கரை மருந்தான டாபாகிளிஃப்ளோசின் முறை வந்தது. கொரோனா காலம் என்பதால் கூட்டங்கள் ஜூமில் நடந்தன. டின்னர் செலவு மட்டும் மிச்சம். 2022 ஜூலையில் சிட்டாகிளிப்டின். எங்கள் பகுதியில் சர்க்கரை நோய் என்னவோ காப்புரிமைத் தேதி பார்த்துப் பெருகவில்லை.

பேச்சாளர்கள் விலைபோனவர்கள் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலும் நல்ல டாக்டர்கள், எங்கள் பிராண்ட் பெயரை உச்சரிக்கவும் மாட்டார்கள். ஆனால் ஸ்லைடு எங்களுடையது. கோயம்புத்தூரிலிருந்து வரும் வழியில், அவிநாசி தாண்டிய பிறகுதான் லேப்டாப்பைத் திறந்து அதை முதல் முறையாகப் பார்த்த பேச்சாளரும் உண்டு. "இந்த கிராஃப் எந்த ட்ரையல்ல இருந்துங்க?" என்று என்னிடம் கேட்டார். நான் பி.எஸ்ஸி. விலங்கியல் படித்தவன்.

ஒரு முறை கூட்டம் முடிந்து ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் ஒருவர் கேட்டார்: "பாம்புக்கடிக்கு ஒண்ணு போடுங்களேன் சார். கட்டுவிரியன் கடிச்சு வீக்கமே இல்லாம வர்றாங்க, பாக்கறதுக்கே பயமா இருக்கு." நியாயமான கேள்வி. வயல்வேலை நடக்கும் ஊர்களில் அவருக்குத் தினசரி உதவுவது அதுதான். ரீஜனல் மேனேஜரிடம் சொன்னேன். "அதுல நமக்கு என்ன பிராடக்ட் இருக்கு?" என்றார். அவரையும் குறை சொல்ல முடியாது, அவருக்கும் டார்கெட் உண்டு. விஷமுறிவு மருந்து பெரும்பாலும் அரசு ஆஸ்பத்திரி வழியாகப் போவது, அதற்கு ரெப் தேவையில்லை. சில பாம்புக்கடிகளில் ரத்தம் உறைகிறதா என்று பார்க்கும் இருபது நிமிடச் சோதனைக்கோ ஒரு சுத்தமான கண்ணாடிக் குழாய் போதும். கண்ணாடிக் குழாய்க்கு யார் ஸ்டால் போடுவார்கள்?

பிறகு அந்தக் கிளையே உறுப்பினர்களிடம் ஆளுக்கு 300 ரூபாய் வசூலித்து, மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் ஒருவரை வரவழைத்துப் பாம்புக்கடிக் கூட்டம் போட்டது. நானும் பின்வரிசையில் இருந்தேன். இட்லியும் பொங்கலும்தான் சாப்பாடு. வழக்கமாக வருகிறவர்களில் பாதிப் பேர் வரவில்லை. வந்தவர்கள் பத்தரை மணி வரை கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்கள். அடுத்த மாதத்துக்குச் செயலாளர் வேறொரு கம்பெனியைப் பிடித்துவிட்டார். தலைப்பு, சிட்டாகிளிப்டின்.