சொந்தமா சைட் வச்சு ஸ்டாக் போட்டோ விக்கிற கதை

ஸ்டாக் போட்டோ, அதாவது முன்னாடியே எடுத்து வச்சு வேணுங்கிறவங்களுக்கு லைசென்ஸ் போட்டுக் குடுக்குற படம், அத விக்க சொந்தமா சைட் ஆரம்பிக்கப் போறேன்னு யாராவது சொன்னா நான் கேக்குற முதல் கேள்வி, உங்ககிட்ட என்ன படம் இருக்கு? லேப்டாப் முன்னாடி சிரிக்கிற பொண்ணு, கோட்டு போட்டு கைகுடுக்குற ஆளுங்க, மரப்பலகை மேல காபி கப்பு, இதெல்லாம் பெரிய ஏஜென்சிகள்ல கோடிக்கணக்குல கெடக்கு, அன்ஸ்ப்ளாஷ்ல ஓசிலயே கெடைக்குது, இதுக்காக நம்ம சைட்டத் தேடி எவனும் வர மாட்டான்.

ஏஜென்சிய விட்டுட்டு வாங்கன்னு சொல்லல, நானும் இன்னும் அங்க படம் போட்டுட்டுதான் இருக்கேன். ஆனா ரேட்டும் அவங்க வைக்கிறதுதான், நம்ம பங்கும் அவங்க வைக்கிறதுதான். 2020 ஜூன்ல ஷட்டர்ஸ்டாக்ங்கிற பெரிய ஏஜென்சி கமிஷன் முறைய மாத்துனது இந்தத் தொழில்ல இருக்குறவங்களுக்கு மறக்காது. நம்ம பங்கு 15%ல ஆரம்பிச்சு 40% வரைக்கும் ஆறு லெவல், வருஷம் பூரா வித்து மேல ஏறுனாலும் ஜனவரி 1 ஆச்சுன்னா எல்லாரும் திரும்ப முதல் லெவலுக்கு, ஒரு டவுன்லோடுக்கு 10 சென்ட்டுனு பாத்து பல பேரு நொந்து போனாங்க. அடோப் ஸ்டாக்ல போட்டோவுக்கு 33%, கேக்க நல்லாருக்கு, சப்ஸ்கிரிப்ஷன்ல போற படத்துக்கு 33%ன்னாலும் சில்லறைதான். அந்த டைம்ல எனக்குத் தெரிஞ்சவங்க நெறைய பேரு வேர்ட்பிரஸ்ல சைட் கட்டி, கடை வைக்கிற ப்ளக்இன் வூகாமர்ஸப் போட்டு சொந்தக்கடை தொறந்தாங்க, பாதிக்கு மேல மூடிட்டாங்க. கோவத்துல கடை தொறக்கலாம், கஸ்டமர் அதுக்காக வர மாட்டான்ல.

என் சைட்ல ஓடுறது பனை. உடன்குடி, சாத்தான்குளம் பக்கம் பதநீர் சீசன்ல எடுத்த படங்க. கடிப்புங்கிற இடுக்கி மாதிரி சாமான வச்சு பாளைய நசுக்குறது, அரிவாளால நுனி சீவுறது, கலயம் கட்டுறது, பதநீரக் காய்ச்சி செரட்டைல ஊத்துறதுன்னு வரிசையா இருக்கும். 2023ல உடன்குடி கருப்பட்டிக்கு புவிசார் குறியீடு கெடைச்சதுக்கப்புறம் பாக்கெட் டிசைன் பண்றவங்களும் கேக்க ஆரம்பிச்சாங்க. ஆனா அதிகமா போற படம் எதுன்னா ஒரு கலயத்தோட க்ளோஸப். சாய்ச்சுப் புடிச்சிருக்கும், உள்பக்கம் வெள்ளையா சுண்ணாம்பு தடவுனது தெரியும், அதுல வெரல் இழுத்த தடம் கூட இருக்கும். லைட்டிங் சுமார்தான், நான் ப்ரேம் போட்டு மாட்டுற படமெல்லாம் கெடையாது. ஆனா அந்த சுண்ணாம்புலதான் எல்லாமே இருக்கு, சுண்ணாம்பு தடவுன கலயத்துல எறங்குறது பதநீர், தடவாம விட்டா புளிச்சு கள்ளு ஆயிடும். தமிழ்நாட்டுல 1987லருந்து கள்ளுக்குத் தடை. இது தெரியாம எங்கயோ உக்காந்து கேப்ஷன் எழுதுறவன் பனையேறுற எல்லாரையும் கள்ளு எறக்குறவர்னு போட்டு வச்சிருப்பான், இல்லன்னா பனைக்கு தென்னைனு பேரு வச்சிருப்பான். பாடப்புத்தகம் போடுறவங்களுக்கு அந்த ரிஸ்க்கே வேணாம். அதனால நான் எந்த ஊரு, எந்த மாசம், ஆண்பனையா பெண்பனையா, கைல இருக்குற சாமானுக்கு என்ன பேரு, எல்லாத்தையும் தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் எழுதிருவேன். படம் எடுக்குறத விட இதுக்குத்தான் நேரம் தின்னுது.

மாடல் ரிலீஸ், அதாவது படத்துல இருக்குறவர்கிட்ட வாங்குற சம்மதக் கையெழுத்து, அதுக்கும் இப்படித்தான் நேரம் போகும். பாடப்புத்தகம், செய்தின்னா கையெழுத்து இல்லாமலும் ஓடும், பாக்கெட்லயும் விளம்பரத்துலயும் மூஞ்சி தெரிஞ்சா ரிலீஸ் இல்லாம குடுக்கவே கூடாது. ஏஜென்சி ஃபார்ம் முழுக்க வக்கீல் இங்கிலீஷ், நான் தமிழ்ல ஒரு பக்கத்துக்கு எழுதி வாசிச்சுக் காட்டிட்டுத்தான் கையெழுத்து வாங்குறது. ஒரு பனையேறி அண்ணாச்சி முழுசா கேட்டுட்டு, "தம்பி, கருப்பட்டிப் பாக்கெட்ல போடு, மொளகாப்பொடில வேணும்னாலும் போடு, கள்ளுன்னு மட்டும் எவனும் எழுதிறப்படாது, போலீஸ்காரன் எங்கிட்டதான் வருவான்"ன்னாரு. அன்னைலருந்து என் லைசென்ஸ்லயே அத ஒரு கண்டிஷனா சேத்துட்டேன். ஏஜென்சில இந்த மாதிரி ஒரு வரி சேக்க முடியுமா சொல்லுங்க.

டெக்னிக்கல் சமாச்சாரம் கொஞ்சம். ஒரிஜினல் ஃபைல வேர்ட்பிரஸ் அப்லோட்ஸ் ஃபோல்டர்ல வைக்காதீங்க, அட்ரஸ யூகிச்சு எவன் வேணா எடுத்துட்டுப் போயிருவான். தனியா ஒரு ப்ரைவேட் ஸ்டோரேஜ்ல வச்சு, காசு வந்ததும் கொஞ்ச நேரத்துல காலாவதி ஆகுற லிங்க் குடுங்க. சைட்ல சின்ன சைஸ் படத்த வாட்டர்மார்க்கோட காட்டுனா போதும். அடுத்தது ஐபிடிசி, அதாவது ஓனர் யாரு, லைசென்ஸ் என்னன்னு படத்தோட ஃபைலுக்குள்ளயே எழுதி வைக்கிற தகவல். கூகுள் இமேஜஸ்ல 2020 ஆகஸ்ட்லருந்து லைசென்ஸ் பேட்ஜ் காட்டுறாங்க, அது வரணும்னா படத்துக்குள்ள வெப் ஸ்டேட்மென்ட் ஆஃப் ரைட்ஸ்ங்கிற எடத்துல உங்க லைசென்ஸ் பக்கத்து முகவரி இருக்கணும், லைசென்சர் யூஆர்எல்லும் போட்டா நேரா உங்க சைட்டுக்கே ஆள் வரும். இதுல ஒரு கூத்து, சர்வர்ல படத்த சைஸ் மாத்துறதுக்கு ஜிடி லைப்ரரி ஓடுச்சுன்னா சைஸ் கொறைக்கும்போது இந்தத் தகவல் மொத்தத்தையும் தொடச்சுப் போட்டுரும், இமேஜிக் ஓடுச்சுன்னா தங்கும், ஹோஸ்டிங்காரங்ககிட்ட கேட்டு மாத்திக்கோங்க. பேமென்ட்டுக்கு ரேசர்பே, யூபிஐ போதும், பேபால் 2021 ஏப்ரல்லருந்து இந்தியாவுக்குள்ள பேமென்ட் எடுக்குறதில்ல, வெளிநாட்டு கஸ்டமருக்கு மட்டும் வச்சுக்கலாம்.

இவ்ளோ செஞ்சும் பாதி வியாபாரம் கார்ட் பட்டன்ல நடக்காது, போன்லதான். சிவகாசில ஆடி 18க்கு காலண்டர் ஆல்பம் வெளியிடுவாங்க, அதுக்கு முன்னாடி அங்கருந்து போன் வரும். போன சீசன்ல ஒரு அச்சகக்காரரு,

"தம்பி, அந்தக் காலைல பனங்காட்டுப் படம் இருக்குல்ல, அத அனுப்பி விடு."

"அனுப்புறேண்ணே, ரேட்டு சைட்லயே போட்ருக்கே."

"படத்துக்கு ரேட்டா? நெட்ல இருக்குறதுதானப்பா."

கோவப்பட்டு என்ன பண்ண. நெட்ல இருந்தாலும் ஓனர் நான்தாண்ணே, சட்டப்படி என் ஆயுசு பூரா எனக்குத்தான் உரிமை, அதுக்கப்புறமும் 60 வருஷத்துக்கு என் வாரிசுக்குனு சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "சரி, அப்ப வேற எவனுக்கும் குடுக்கக் கூடாது"ன்னாரு. எதுத்த அச்சகத்துல அதே படம் வந்துட்டா அவருக்கு சீசனே போச்சு, அவர் பயமும் நியாயந்தான். காலண்டருக்கு மட்டும் ஒரு வருஷம் யாருக்கும் குடுக்க மாட்டேன், புத்தகம் பாக்கெட்டுக்கு குடுப்பேன், அதுக்கு ரேட்டு ரெண்டு மடங்குன்னேன். பேரம் பேசி ஒன்றரை மடங்குல முடிஞ்சுது. ஜிஎஸ்டி பில்லு போடுன்னாரு, நமக்கு வருஷ வரவு 20 லட்சத்துப் பக்கமே வரலண்ணே, நம்பரே எடுக்கலன்னேன். "அப்ப சாதா பில்லே போடு, வாட்ஸப்ல அனுப்பு"ன்னு வச்சுட்டாரு.