ஜெர்மனியில் முதல் குளிர்காலம்: ஜன்னலும் பூஞ்சையும்

நவம்பர் பிறந்ததும் ஜெர்மனிக்குப் புதிதாக வந்த நம்மவர்கள் பலரும் செய்வது ஒன்றுதான். ஜன்னல்களை இறுக அடைத்து, ஹீட்டரைக் கூட்டிவைத்துக்கொண்டு உள்ளேயே இருந்துவிடுவார்கள். ஜனவரி வாக்கில் படுக்கையறை அலமாரிக்குப் பின்னால் கறுப்புப் புள்ளிகள் தெரியும். வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, ‘நீங்கள் சரியாகக் காற்று விடவில்லை’ என்பார். வீடு சுத்தமாக இல்லை என்று யாரோ சொன்னதுபோல மனசு குன்றிப்போகும். சுத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. விஷயம் முழுக்க ஈரத்தைப் பற்றியது.

நாலு பேர் இருக்கும் வீட்டில் ஒரு நாளைக்குச் சுமார் பத்து லிட்டர் தண்ணீர் ஆவியாகிக் காற்றில் கலக்கிறது. மூச்சு, வியர்வை, குளியல், சமையல், உலர்த்தும் துணி எல்லாம் சேர்ந்த கணக்கு இது. இட்லி, புட்டு, கொதிக்கும் ரசம், விசில் விடும் குக்கர் என்று நம் அடுப்படி அதில் தன் பங்கைத் தாராளமாகவே சேர்க்கும். மெஷினில் நன்றாகப் பிழிந்த துணிகூட, ஒரு ஈடு காய்ந்து முடிவதற்குள் ஒன்று, ஒன்றரை லிட்டரை அறைக்குள் விட்டுவிடும். ஊரில் இந்த ஈரம் கதவிடுக்கு, ஓடு, திறந்த ஜன்னல் வழியாகத் தானே போய்விடும். இங்கே ரப்பர் வைத்த இரட்டைக் கண்ணாடி ஜன்னல் எதையும் வெளியே விடாது.

20 டிகிரி காற்று ஒரு கன மீட்டருக்கு 17 கிராம் ஈரத்தைத் தாங்கும். பூஜ்ய டிகிரி காற்று ஐந்து கிராமைக்கூடத் தாங்காது. அதனால் வெளியே மழையே பெய்தாலும், அந்தக் குளிர்காற்று உள்ளே வந்து சூடானதும் அதன் ஈரப்பதம் முப்பது சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். ‘வெளியே நசநசவென்று இருக்கிறது, ஜன்னலைத் திறந்தால் ஈரம் உள்ளே வரும்’ என்ற நினைப்பைக் குளிர்காலத்தில் விட்டுவிட வேண்டும். அப்போது ஜன்னல் திறந்தால் ஈரம் வெளியேதான் போகும்.

பூஞ்சை வளரச் சுவரில் தண்ணீர் சொட்ட வேண்டியதில்லை. அறைக்காற்று 20 டிகிரியும் 50 சதவீத ஈரப்பதமுமாக இருக்கும்போது, சுவரின் ஒரு மூலை 12.6 டிகிரிக்குக் குளிர்ந்தாலே அதை ஒட்டிய காற்றில் ஈரம் 80 சதவீதமாகிவிடும். சில நாள் அப்படியே நீடித்தால் பூஞ்சைக்கு அது போதும். வெளிச்சுவர் மூலை, ஜன்னலின் மேல்விளிம்பு, அலமாரியின் பின்புறம், கனத்த திரைச்சீலைக்குப் பின்னால் என்று குளிரும் இடங்களில்தான் அது முதலில் தலைகாட்டும்.

காற்று விடும் முறை இதுதான். ஜன்னலை முழுவதும் விரியத் திறக்க வேண்டும். எதிர்ப்பக்க ஜன்னலையும் இடைக்கதவையும் சேர்த்துத் திறந்தால் இன்னும் நல்லது. கடுங்குளிரில் ஐந்து நிமிடம், அக்டோபரிலும் மார்ச்சிலும் பத்து முதல் பதினைந்து நிமிடம். எழுந்ததும் படுக்கையறை, குளித்ததும் குளியலறை, சமைத்ததும் அடுப்படி, படுக்கும் முன் எல்லா அறையும். வேலைக்குப் போகிறவர்கள் காலை, மாலை இரு வேளையாவது தவறாமல் செய்ய வேண்டும். கைக்குழந்தை இருந்தால் அடுத்த அறையில் கிடத்திவிட்டு இந்த அறையைத் திறக்கலாம். ஐந்து நிமிடத்தில் மாறுவது காற்று மட்டும்தான். சூடு சுவரிலும் சாமான்களிலும் தங்கியிருப்பதால், ஜன்னலை மூடியதும் அறை சீக்கிரமே பழைய நிலைக்கு வந்துவிடும்.

திறப்பதற்கு முன் ரேடியேட்டரின் குமிழை நட்சத்திரக் குறிக்கு, அதாவது ஏறக்குறைய அணைந்த நிலைக்குத் திருப்பிவிடுங்கள். அந்தக் குமிழ் அறையின் வெப்பத்தை உணர்ந்து வேலை செய்வது. குளிர்காற்று பட்டால் அறை ஜில்லிட்டுவிட்டது என்று வால்வை முழுதாகத் திறந்துவிடும், பணம் ஜன்னல் வழியே போகும். குமிழில் 3 என்பது ஏறத்தாழ 20 டிகிரி, ஒவ்வொரு எண்ணுக்கும் நாலு டிகிரி வித்தியாசம். 5-இல் வைத்தால் அறை வேகமாகச் சூடாகாது, 28 டிகிரி வரை நிற்காமல் சூடாகும், அவ்வளவுதான். படுக்கையறையையும் 16 டிகிரிக்குக் கீழே விட வேண்டாம். அங்கே ஹீட்டரை அணைத்துவிட்டு, கதவைத் திறந்து ஹாலின் சூட்டை உள்ளே விடுவது சிக்கனம்போலத் தோன்றும். அந்தச் சூடான காற்றோடு ஈரமும் போய்க் குளிர்ந்த சுவரில் படியும்.

ஜன்னல் கைப்பிடி கீழே பார்த்தால் பூட்டு, கிடைமட்டமாக இருந்தால் கதவுபோலத் திறக்கும், மேலே பார்த்தால் தலைப்பக்கம் மட்டும் உள்ளே சாயும். அந்தச் சாய்ந்த நிலையில் நாள் முழுக்க விட்டுவைப்பதுதான் மிகப் பெரிய தவறு. காற்று சரியாக மாறாது. மேல்சுவர் மட்டும் மணிக்கணக்கில் குளிர்ந்துகொண்டே இருக்கும், அங்கேயே பூஞ்சை பிடிக்கும். இன்னொரு சங்கடமும் உண்டு. ஜன்னல் திறந்திருக்கும்போதே கைப்பிடியை மேலே திருப்பிவிட்டால், கீழ்க்கீலை மட்டும் பிடித்துக்கொண்டு ஜன்னல் கோணலாகத் தொங்கும். பதற வேண்டாம், உடையவில்லை. கீல் பக்கத்து மேல்மூலையைச் சட்டத்தோடு சேர்த்து அழுத்துங்கள். ஜன்னலின் விளிம்பில், கைப்பிடிக்கு அருகில் இருக்கும் சிறு நெம்புகோலை அமுக்கியபடி கைப்பிடியைக் கிடைமட்டத்துக்குக் கொண்டுவந்தால் மேல்பக்கம் மறுபடி பொருந்திக்கொள்ளும்.

அடுப்படிக்கு வருவோம். வாடகை வீடுகளில் அடுப்புக்கு மேல் இருக்கும் புகைபோக்கி பெரும்பாலும் காற்றை வெளியே தள்ளாது, கரி வடிகட்டி வழியாகச் சுற்றி உள்ளேயே விடும். வாசனை குறையும், நீராவி குறையாது. அதனால் அடுப்படிக் கதவைச் சாத்தி, ஜன்னலைத் திறந்துவைத்துச் சமைப்பதே சரி. தாளிக்கும்போது இது இரட்டிப்பாக உதவும். படுக்கையறைகளிலும் வெளியேறும் நடைவழியிலும் புகை எச்சரிக்கைக் கருவி இங்கே கட்டாயம். மிளகாய் வறுபடும் புகை நடைக்குப் போனால் அது அலறும். வெள்ளிக்கிழமை சாம்பிராணிக்கும் அப்படியே. நடைவழியில் தொங்கும் கம்பளிக் கோட்டில் தாளிப்பு வாசனை ஏறிவிட்டால் லேசில் போகாது. கோட்டுக்குக் கதவுள்ள அலமாரிதான் இடம்.

வந்த புதிதில் கட்டில் வாங்கும்வரை மெத்தையைத் தரையில் போட்டுப் படுப்பது வழக்கம். இரவு முழுக்க உடம்பு விடும் ஈரம் மெத்தைக்கு அடியில் தேங்கி, அடிப்பக்கம் பூஞ்சை பூக்கும். கட்டில் வரும்வரை பலகைச் சட்டம் ஒன்றாவது அடியில் கொடுங்கள், அல்லது தினமும் காலையில் மெத்தையை நிமிர்த்திச் சுவரில் சாய்த்துவையுங்கள். அலமாரியும் சோபாவும் உள்சுவரோரம் இருப்பதே மேல். வழியில்லை என்றால் வெளிச்சுவரிலிருந்து ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் தள்ளியிருக்கட்டும்.

நிலவறைக்குக் கணக்கு நேர்மாறு. கோடையில் வெளியே 30 டிகிரி இருக்கும்போது அங்கே ஜன்னலைத் திறந்தால், சூடான காற்று குளிர்ந்த சுவரில் பட்டு ஈரமாகும். தமிழ்க்கடையில் வாங்கி அடுக்கிய அரிசி மூட்டை அடியிலிருந்து பூத்துப்போவது அதனால்தான். கோடையில் அதிகாலையிலோ இரவிலோ மட்டும் திறக்கலாம். அரிசியை மாடியிலேயே வைத்துக்கொள்வது உத்தமம்.

பத்துப் பதினைந்து யூரோவுக்கு ஈரப்பதமானி கிடைக்கும். 40 முதல் 60 சதவீதத்துக்குள் இருந்தால் பொதுவாகக் கவலையில்லை, கடுங்குளிரில் 50-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காலை மாலை அளவைத் தேதியோடு குறித்துவையுங்கள். பின்னால் தகராறு வந்தால் இந்தக் குறிப்புதான் கைகொடுக்கும்.

பூஞ்சையைக் கண்டால் துடைப்பதற்கு முன் படம் எடுங்கள். அன்றே வீட்டுக்காரருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். குறையை உடனே தெரிவிப்பது வாடகைக்கு இருப்பவரின் சட்டக் கடமை, தள்ளிப்போட்டதால் சேதம் கூடினால் அந்தச் செலவு நம் தலையில் விழும். அரைச் சதுர மீட்டருக்குள் மேலோட்டமாக இருந்தால் 70 முதல் 80 சதவீத ஆல்கஹாலைத் துணியில் நனைத்துத் துடைக்கலாம். கையுறை, முகக்கவசம் வேண்டும், ஜன்னல் திறந்திருக்க வேண்டும், பக்கத்தில் விளக்கோ அடுப்போ எரியக்கூடாது. பூச்சுச் சுவரில் வினிகர் தடவ வேண்டாம். சுண்ணாம்பு அதன் புளிப்பை முறித்துவிடும், மிச்சம் பூஞ்சைக்கே தீனியாகும். பூஞ்சை அரைச் சதுர மீட்டரைவிடப் பெரிதாக இருந்தாலோ, துடைத்த இடத்திலேயே மறுபடி வந்தாலோ ஆள் வைத்துப் பார்க்க வேண்டியதுதான்.

எல்லாப் பழியையும் ஏற்றுக்கொள்ளவும் தேவையில்லை. குழாய்க் கசிவு, சூடு தங்காத சுவர், பழைய கட்டடத்தில் புதிதாகப் போட்ட இறுக்கமான ஜன்னல், இவையெல்லாம் கட்டடத்தின் பக்கத்துக் காரணங்கள். நீங்கள் முறையாகக் காற்று விட்டும் ஈரம் இறங்கவில்லை என்றால், பெரும்பாலும் காரணம் அங்கேதான் இருக்கும். ஆனால் கோபத்தில் வாடகையை நீங்களாகக் குறைத்துவிடாதீர்கள். குறைத்தது தவறு என்று பின்னால் தீர்ந்தால் அது பாக்கியாகிவிடும், பாக்கி இரண்டு மாத வாடகை அளவுக்கு ஏறினால் வீட்டைக் காலி செய்யச் சொல்லும் உரிமை வீட்டுக்காரருக்கு வந்துவிடும். ‘உன்டர் ஃபோர்பெஹால்ட்’, அதாவது உரிமையை விட்டுக்கொடுக்காமல் செலுத்துகிறேன் என்று எழுதிக்கொடுத்து முழு வாடகையையும் கட்டிவாருங்கள். ஊரிலுள்ள வாடகைதாரர் சங்கத்தில் குறிப்பேட்டையும் படங்களையும் காட்டிக் கேட்டபிறகு அடுத்த அடி வைக்கலாம். அந்தச் சங்கத்தில் சேருவதை வீடு கிடைத்த மாதமே முடித்துவிடுங்கள். உறுப்பினராகும் முன்பே தொடங்கிவிட்ட தகராறுக்கு அதன் வழக்குச் செலவுக் காப்பீடு பொதுவாகப் பொருந்தாது.