மலைநாட்டுப் பெண்களின் ஆங்கிலத்தைத் தேடிப் போனபோது

பிரித்தானியர் காலத்தில் இலங்கையின் மலைநாட்டுப் பெண்களுக்கு ஆங்கிலம் எப்படிக் கிடைத்தது என்பதை முதுகலை ஆய்வுக்கு எடுத்தேன். ஹட்டனிலிருந்து இரவு ரயிலில் ஏறினால் விடியும்போது கொழும்பு. தேசிய சுவடிகள் திணைக்களத்தில் வாசகர் அனுமதி பெற அடையாள அட்டையையும் பல்கலைக்கழகக் கடிதத்தையும் கொண்டுபோனேன். உள்ளே பென்சில் மட்டும்தான். பேனாவைப் பையோடு வைத்துவிட வேண்டும்.

இதே வழியில் போகிறவர்கள் ‘பெண் கல்வி’ என்று பொதுவாகக் கேட்டு நிற்க வேண்டாம். 1869 இல் உருவான பொதுப் போதனைத் திணைக்களத்தின் ஆண்டு நிர்வாக அறிக்கைகளைக் கேளுங்கள். அரசின் உதவி நன்கொடை பெற்ற மிஷன் பாடசாலைகளின் விவரம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. கண்டியில் 1879 இல் பெண்கள் உயர்தரப் பாடசாலையும் 1890 இல் ஹில்வூட் பெண்கள் பாடசாலையும் தோன்றின. ஆங்கிலத்தோடு தையலும் இசையும் கற்பித்து, படித்த ஆண்களுக்கு ஏற்ற மனைவியரை உருவாக்குவது அன்றைய மிஷன் கல்வியின் வெளிப்படையான நோக்கம். கட்டணம் கட்ட முடிந்த வீட்டுப் பெண்களுக்கே அந்தக் கதவு திறந்தது.

தேயிலைத் தோட்டத்துப் பெண்பிள்ளைகளுக்கு வேறு ஆவணக் கட்டு. 1907 ஆம் ஆண்டின் கிராமியப் பாடசாலைகள் கட்டளைச் சட்டத்தைப் படிக்காமல் மேலே போகாதீர்கள். 6 முதல் 10 வயது வரையான தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிப்பதும், அதற்கோர் அறை ஒதுக்குவதும் தோட்டத்தை நடத்தும் துரையின் கடமை என்கிறது அது. ஆங்கிலம் அந்தக் கடமையில் இல்லை. யாரோ மறந்துபோய் விடுபட்டதென்று அதுவரை நினைத்திருந்தேன். வாசித்தபின் அப்படி நினைக்க முடியவில்லை. பத்து வயதுக்குப் பிறகு தோட்டத்துப் பெண்பிள்ளைக்குக் கொழுந்துக்கூடை, இல்லையேல் லயம் எனும் தொழிலாளர் வரிசை வீட்டில் பார்த்துக்கொள்ளத் தம்பி தங்கைகள்.

பழைய பெண்கள் பாடசாலை ஒன்றின் சேர்வுப் பதிவேட்டைப் பார்க்க என் ஆய்வு மேற்பார்வையாளரின் கடிதம் போயும் பதில் வரவில்லை. அதை விட்டுவிட்டு லயங்களுக்குப் போனேன். “ஆங்கிலம் படித்தீர்களா?” என்றால் கிழவிகள் சிரிப்பார்கள். “பங்களாவில் வேலை செய்தீர்களா?” என்று கேட்க வேண்டும். சிறுமியாகத் துரை வீட்டில் ஆயாவுக்கு உதவியாக இருந்த ஓர் அம்மாயி, கொண்டு வா, எடுத்துப் போ, கதவைச் சாத்து என்பதையெல்லாம் துரையின் மனைவியான துரைசானியின் தொனியிலேயே ஆங்கிலத்தில் சொல்லிக்காட்டினார். அவர் அறிந்த ஆங்கிலம் முழுவதும் ஏவல்.

இதைக் கல்வி என்று சேர்க்கலாமா என்று மேற்பார்வையாளர் தயங்கினார். தனி அத்தியாயமாகவே எழுதிக் கொடுத்தேன்; ஒலிப்பதிவின் எழுத்து வடிவத்தைப் பின்னிணைப்பில் சேர்க்கச் சொல்லி ஏற்றுக்கொண்டார்.