ஹெட்டர் புதுசு, கர்னல் பழசு: களக்காட்டுக்கு ஒரு வீண் பயணம்

போர்டு விற்றவர்கள் சொன்னதை நம்பிக் களக்காடு வரை போய் வெறுங்கையோடு திரும்பிய எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. பழைய ஏஆர்எம் போர்டுக்கு (சின்ன லினக்ஸ் கம்ப்யூட்டர்) லிப்ஜிபிஐஓடி, அதாவது போர்டின் பின்களை இயக்கும் லைப்ரரியை, கம்பைல் செய்யப் போகிறவர்களுக்காவது இது உதவட்டும்.

சித்தப்பாவின் வாழைத்தோப்பு மோட்டாரை ரிலே (போர்டு இயக்கும் மின் சுவிட்ச்) வழியாக இயக்க வேண்டும். போர்டை அவர்கள் ஆளே நேராகத் தோப்பில் மாட்டிவிட்டுப் போயிருந்தார். லிப்ஜிபிஐஓடி 2 வைத்து எழுதிய புரோகிராமைப் பாளையங்கோட்டை வீட்டில் கிராஸ் கம்பைல் செய்ய (லேப்டாப்பிலேயே போர்டுக்கான புரோகிராமாக மாற்ற) உட்கார்ந்தால், கான்ஃபிகர் என்ற ஆரம்பச் சோதனையிலேயே நின்றுவிட்டது. லினக்ஸின் மையமான கர்னலின் 5.10 அல்லது அதற்கு மேற்பட்ட பதிப்பின் ஹெட்டர்கள் (கர்னலிடம் கேட்கக்கூடியவற்றைச் சொல்லும் ஃபைல்கள்) வேண்டுமாம். போர்டுக்கான எஸ்டிகேயில் (கம்பைலரும் ஹெட்டர்களும் அடங்கிய தொகுப்பு) லினக்ஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் வெர்ஷன்.எச்சைத் திறந்தேன். 264566 என்று இருந்தது. 65536 ஆல் வகுத்தால் 4, மீதியை 256 ஆல் வகுத்தால் 9, மிச்சம் 118. அதாவது 4.9.118.

போர்டு விற்றவர்களுக்குப் போன் செய்தேன். "ஆப்ட்ல லினக்ஸ்-ஹெட்டர்ஸ் பேக்கேஜைப் போடுங்க சார், சரியாயிடும்" என்றார் எடுத்தவர். ஆகாது. அது கர்னல் மாட்யூல் (கர்னலோடு சேர்க்கும் துண்டு) கட்டுவதற்கான பேக்கேஜ். உபுண்டுவில் சாதாரண புரோகிராம்கள் பார்க்கும் ஹெட்டர்களைத் தருவது லினக்ஸ்-லிப்சி-டெவ். அதை லேப்டாப்பில் போட்டாலும் எஸ்டிகேயின் சிஸ்ரூட்டில் (போர்டுக்கான ஹெட்டர்களும் லைப்ரரிகளும் இருக்கும் ஃபோல்டர்) ஒன்றும் மாறாது. இதை விளக்கியதும் வேறொருவர் லைனில் வந்தார். போர்டில் ஓடுவது 5.15 தான், எஸ்டிகேயில் மட்டும்தான் ஹெட்டர் பழசு என்று அடித்துச் சொன்னார்.

சரி என்று 5.15 சோர்ஸை இறக்கி, ஆர்ம் என்று ஆர்கிடெக்சரைக் கொடுத்து, 'மேக் ஹெட்டர்ஸ்_இன்ஸ்டால்' மூலம் தனி ஃபோல்டரில் ஹெட்டர்களை எடுத்தேன். லேப்டாப்பில் இருக்கும் ஹெட்டர்களை மட்டும் அள்ளிப் போட்டுவிடாதீர்கள். அதிலுள்ள ஏஎஸ்எம் ஃபைல்கள் பிராசசருக்கு பிராசசர் மாறும். கம்பைல் சுத்தமாக முடிந்தது.

நாங்குநேரி வழியாகப் பஸ் பிடித்துப் போய்த் தோப்பில் ஓட்டினால், 'இன்வேலிட் ஆர்க்யுமெண்ட்'. ரிலே அசையவில்லை. "என்னலே, தண்ணி வருமா வராதா?" என்று சித்தப்பா பம்புசெட் வாசலிலேயே நிற்கிறார். ஓடும் கர்னலின் பதிப்பைக் காட்டும் 'யூநேம் -ஆர்' அடித்தேன். 4.9.118. எஸ்டிகே உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. பொய் சொன்னது போனில் பேசியவர்.

ஹெட்டர் என்பது கர்னலிடம் எதையெல்லாம் கேட்கலாம் என்ற பட்டியல்தான். கேட்டதைச் செய்ய வேண்டியது போர்டில் ஓடுகிற கர்னல். ஜிபிஐஓவின் (போர்டின் பின்களின்) இரண்டாம் பதிப்பு ஐஆக்டில்கள், அதாவது கர்னலிடம் கேட்கும் கட்டளைகள், 5.10 இல்தான் வந்தன, 4.9 க்கு அவை தெரியாது. பழைய ஹெட்டரில் கட்டியது புதிய கர்னலில் ஓடும், அந்த வாக்கைக் கர்னல்காரர்கள் கவனமாகக் காப்பாற்றுகிறார்கள். தலைகீழாகப் போனால், பழைய கர்னலுக்கும் ஒரு வழியைப் புரோகிராமே வைத்திருக்க வேண்டும். லிப்ஜிபிஐஓடி 2 இல் அது கிடையாது.

புதிய கர்னல் இமேஜ் கேட்டதற்கு "பார்த்துட்டுச் சொல்றோம்" என்றார்கள். அதற்குள் வாழை காய்ந்துவிடும். முதல் பதிப்பு ஐஆக்டில்கள் 4.8 இலேயே, 2016 இல், வந்துவிட்டன. அதனால் லிப்ஜிபிஐஓடி 1.4 ஐ எடுத்து, எஸ்டிகேயின் சொந்த ஹெட்டர்களோடே கட்டினேன். 2 இல் ஃபங்ஷன்கள் எல்லாம் மாறியிருப்பதால் என் புரோகிராமையும் திருப்பி எழுத வேண்டி வந்தது. அடுத்த முறை தோப்புக்குப் போனபோது ரிலே 'டக்' என்றது, மோட்டார் பிடித்துக்கொண்டது, வாய்க்காலில் தண்ணீர் பாய்ந்தது.

போர்டு வாங்கும் முன் 'யூநேம் -ஆர்' என்ன காட்டுகிறது என்று படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வாய்வார்த்தை வேண்டாம். எனக்கு விற்றவர்கள் தங்கள் விலைப்பட்டியலில் இன்னும் 5.15 என்றே போட்டிருக்கிறார்கள்.